ஆறரைக் கட்டைக்கு மாறிய கிதார்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

நான் பாடகனும் இல்லை, வித்துவானும் இல்லை. பாளையங்கோட்டையில் வாத்தியம் பழுதுபார்க்கிற கடை வைத்திருக்கிறேன். ஆர்மோனியத்துக்கு ரீடு மாற்றுவேன், கிதாருக்குக் கம்பி கட்டுவேன், ட்ரம்பெட்டில் விழுந்த நசுங்கலைத் தட்டி எடுப்பேன். நம்ம ஊர் இளைஞர்களின் இசையைப் பற்றி ஏதாவது பேசுங்கள் என்று நிலையத்தார் கேட்டபோது, என் கடை வாசலில் வளர்ந்த ஒரு குழுவைப் பற்றிப் பேசுகிறேன் என்றேன். பள்ளிக்கூடத்துச் சேக்காளிகள் ஐந்து பேர் தொடங்கியது. இப்போது ஏழு பேர். அவர்கள் வாசிப்பது ஸ்கா-பங்க் என்கிற இசை. குழுவின் பெயரைச் சொல்ல மாட்டேன். வானொலி உரையில் விளம்பர வாடை அடிக்கக் கூடாது. சமாதானபுரம் பக்கம் யாரைக் கேட்டாலும், கொஞ்சம் சலித்துக்கொண்டாவது, பெயரைச் சொல்லிவிடுவார்கள்.

ஸ்கா-பங்க் என்றதும் பெட்டியை அணைக்கப் போகிறவர்கள் ஒரு நிமிடம் பொறுங்கள். கையைத் தட்டிப் பார்த்தால் விளங்கிவிடும். வாயால் தகதிமி, தகதிமி என்று சொல்லுங்கள். 'த'வுக்கும் 'தி'க்கும் காலால் தரையைத் தட்டுங்கள். 'க'வுக்கும் 'மி'க்கும் மட்டும் கையைத் தட்டுங்கள். கால் விழுகிற இடத்தில் கை விழக் கூடாது. அவ்வளவுதான். ஸ்காவில் கிதார்க்காரர் செய்வது அந்தக் கை வேலை. கம்பியைச் சுண்டிய அடுத்த கணமே இடது கைவிரலைத் தளர்த்தி ஒலியை அறுத்துவிடுவார். 'சக்' என்று கேட்கும், நீளாது. அடியில் பேஸ் கிதார் நடந்துகொண்டே இருக்கும். மேலே ட்ரம்பெட், சாக்ஸபோன், ட்ராம்போன் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து மெட்டை ஊதும். இதையே இன்னும் வேகமாக, ஆம்ப்ளிபயர் கரகரக்க, தொண்டை கிழியப் பாடினால் அது ஸ்கா-பங்க். பெரும்பாலும் சரணத்தில் ஸ்கா, பல்லவி வந்ததும் பங்க். அதுவரை அரை இடத்தில், அதாவது கை தட்டிய அந்த 'க', 'மி' இடத்தில், சுண்டிக்கொண்டிருந்த கிதார் அப்போது எல்லா இடத்திலும் விழுந்து அடிக்கும்.

நம்ம பிள்ளைகள் ஸ்காவில் தொடங்கவில்லை, பங்கில் தொடங்கினார்கள். பங்குக்கு அதிகம் தெரிந்திருக்க வேண்டியதில்லை என்பதுதான் காரணம். எழுபதுகளின் நடுவில் நியூயார்க்கிலும் லண்டனிலும் அது கிளம்பியபோதே, கிதாரில் நாலு கார்டு, அதாவது நாலு சுரக்கூட்டு, தெரிந்தவன் மேடை ஏறலாம் என்பதுதான் அதன் தைரியம். இவர்கள் பதினோராம் வகுப்புப் படிக்கையில், டிசம்பரில் கேரல் ரவுண்ட்ஸ் போகிற வேனில் இரண்டு கிதாரும் ஒரு டிரம்மும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தன. பாடுவதற்கு, கோவில் பாடகர் குழுவில் ஆல்டோ பாடிக்கொண்டிருந்த பெண் வந்தாள். பேஸ் வாசிக்க ஒரு பையன். அதிகம் பேச மாட்டான். நான்கு கம்பிதானே, உனக்கு இது போதும் என்று அவன் கையில் பேஸைக் கொடுத்துவிட்டார்கள். எந்தக் குழுவிலும் பேஸ்காரர் இப்படித்தான் உருவாகிறார் என்பது என் கடையில் உட்கார்ந்து நான் கண்டது.

அடிக்கடி வந்தார்கள். ஜாக் பிடுங்கிக்கொண்டது, ஃபியூஸ் போய்விட்டது, ஸ்பீக்கர் கோன் கிழிந்துவிட்டது. "அண்ணாச்சி, இது தாங்க மாட்டேங்கு" என்பார்கள். "வாத்தியம் தாங்கும்டே, நீங்கதான் அதைப் போட்டுச் சாத்துதீய" என்பேன். சத்தம் இருந்தது, வேகம் இருந்தது. எல்லாப் பாட்டும் ஒரே பாட்டு மாதிரி இருந்தது. அதைச் சொன்னால் கோபம் வரும் என்று சொல்லவில்லை. அவர்களுக்கே அது தெரிந்துவிட்டது. தொண்ணூறுகளில் அமெரிக்க வானொலிகளில் ஊதுவாத்தியம் வைத்த பங்க் குழுக்கள் ஒரு இரண்டு மூன்று வருடம் கொடிகட்டிப் பறந்தன. பாஸ்டன் நகரத்து மைட்டி மைட்டி பாஸ்டோன்ஸ், கலிபோர்னியாவின் ரீல் பிக் ஃபிஷ், ஃப்ளோரிடாவின் லெஸ் தேன் ஜேக். இதையெல்லாம் கைபேசியில் கேட்டுவிட்டு, நமக்கும் ட்ரம்பெட் வேண்டும் என்று வந்து நின்றார்கள்.

அமெரிக்காவில் அது பெரிய காரியம் இல்லை. அங்கே பள்ளிக்கூடத்தில் பேண்டு என்பது கிட்டத்தட்ட ஒரு பாடம். ட்ராம்போன் ஊதத் தெரிந்த பையன் பக்கத்து வகுப்பில் கிடைப்பான். நம்ம பள்ளிக்கூடத்து பேண்டு சுதந்திர தின அணிவகுப்போடு சரி. டிரம்மும் புல்லாங்குழலும் பியூகிளும் இருக்கும்; பியூகிளில் விரலால் அழுத்துகிற பிஸ்டனே கிடையாது, அதில் ஊத வருவது நாலைந்து சுரம். ஆகவே கீபோர்டில் ட்ரம்பெட் டோனை வைத்துச் சமாளித்தார்கள். கேட்டுப் பார்த்தேன். கீபோர்டுக்கு மூச்சு வாங்காது. ஸ்காவில் ஊதுகிறவர் மூச்சு எடுக்கிற இடமும் தாளத்தில் சேர்ந்ததுதான். அது இல்லாவிட்டால் ஐஸ் வண்டிப் பாட்டு மாதிரி ஆகிவிடுகிறது.

இந்த இடத்தில் ஜமைக்காவுக்கு ஒரு நடை போய்விட்டு வருவோம். ஸ்கா பிறந்தது அங்கே, கிங்ஸ்டன் நகரத்தில், ஐம்பதுகளின் முடிவில். ஜமைக்கா 1962 ஆகஸ்டு 6ஆம் தேதி விடுதலை பெற்றபோது அந்தத் தீவே இந்தத் தாளத்தில்தான் ஆடிக்கொண்டிருந்தது. மயாமி, நியூ ஆர்லியன்ஸ் வானொலிகள் இரவில் கடல் தாண்டிக் கேட்கும். அங்கே வந்த ரிதம் அண்ட் புளூஸ் பாட்டுகளை இவர்கள் வாசிக்கப் போய், அரை இடத்து அடி ஓங்கி, வேறொன்றாக மாறியது. நம்ம பக்கத்தில் என் வயதுக்காரர்கள் இதைச் சட்டென்று புரிந்துகொள்வார்கள். சென்னை நிலையத்தைவிடக் கொழும்பு நமக்குத் தெளிவாகக் கேட்ட காலம் ஒன்று இருந்தது. பைலா தாளம் நம்ம கல்யாண வீட்டு மேடைகளில் ஏறியதும் அந்த வழியாகத்தான். கிங்ஸ்டனில் லாரியில் ஆம்ப்ளிபயரும் மலை மாதிரி ஸ்பீக்கரும் ஏற்றிக்கொண்டு தெருத்தெருவாக இசைத்தட்டுப் போடுகிறவர்கள் இருந்தார்கள். சவுண்ட் சிஸ்டம் என்று பெயர். கோக்ஸோன் டாட், டியூக் ரீட், பிரின்ஸ் பஸ்டர் என்ற பெரிய ஆட்கள் எல்லாம் அந்தத் தொழிலிலிருந்து வந்தவர்கள். என் குழாய் பெரிசா உன் குழாய் பெரிசா என்று கொடை விழாவில் மோதிக்கொண்ட நம்ம ஊர் மைக்செட்காரர்களுக்கு அவர்கள் ஒரு வகையில் பங்காளிகள்.

ஆனால் எனக்கு, பித்தளையோடு மல்லுக்கட்டுகிறவன் என்பதால், முக்கியமாகப்பட்டது வேறு. கிங்ஸ்டனில் ஆல்ஃபா பாய்ஸ் ஸ்கூல் என்று ஒன்று. 1880இல் தொடங்கியது, பிறகு கத்தோலிக்கக் கன்னியர் நடத்தியது. அநாதைப் பிள்ளைகளும், அடங்காத பிள்ளைகள் என்று கொண்டுவந்து விடப்பட்டவர்களும் அங்கே இருந்தார்கள். தையல், அச்சு வேலை, தச்சு வேலையோடு பேண்டு வாசிப்பும் ஒரு கைத்தொழிலாகவே கற்றுக்கொடுக்கப்பட்டது. வாசிக்கத் தெரிந்தால் பட்டாளத்து பேண்டில் வேலை கிடைக்கும் என்பதுதான் கணக்கு. 1964இல் ஸ்காட்டலைட்ஸ் என்ற குழு உருவானபோது, அதில் டாமி மெக்குக், டான் டிரம்மண்ட், லெஸ்டர் ஸ்டெர்லிங், ஜானி மூர் என்று நான்கு பேர் அந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். பிள்ளைகளின் இசைக்குப் பல காலம் துணையாக நின்ற சகோதரி மேரி இக்னேஷியஸ் 2003 வரை இருந்தார். பிள்ளைகளுக்குப் போட்டுக்காட்டுவதற்கென்று இசைத்தட்டுகள் வாங்கிச் சேர்த்தவர். பட்டாளத்துக்கென்று தயாரித்த பிள்ளைகள் பட்டாளத்துக் கருவிகளைக் கொண்டு ஊரை ஆடவைத்தார்கள். ஸ்கா என்பது அதுதான்.

அதே வெள்ளைக்காரப் பட்டாளம், அதே பித்தளை, நம்ம பாளையங்கோட்டைக்கும் வந்தது. இதுவும் பட்டாளம் இருந்த ஊர்தானே. பட்டாள பேண்டு நம்மை எவ்வளவு தொட்டது என்பதற்கு ஒரு பழைய சாட்சி உண்டு. முத்துசுவாமி தீட்சிதர் சென்னைக் கோட்டை பேண்டின் மெட்டுகளைக் கேட்டு, அவற்றுக்கு வடமொழியில் சாகித்தியம் செய்தார். நோட்டுஸ்வரம் என்று பெயர், முப்பதுக்கு மேல் இருக்கிறது. இங்கிலாந்து அரச வாழ்த்தின் மெட்டுகூட அதில் ஒன்று. அந்தத் தீட்சிதர் 1835இல் கண்மூடியது நம்ம எட்டயபுரத்தில். பட்டாளம் போன பின்பும் பித்தளை போகவில்லை. அரண்மனைகளுக்குப் போயிற்று, மிஷன் பள்ளிகளுக்குப் போயிற்று, கடைசியில் கல்யாண ஊர்வலத்துக்கும் சாவு விழுந்த கேத வீட்டுக்கும் வந்து நின்றது. உத்தரப் பிரதேசத்தில் மீரட் நகரத்து ஜாலி கோட்டியில் இன்றைக்கும் இந்தக் கருவிகளைச் செய்கிறார்கள். நாதிர் அலி கம்பெனி 1885இல் தொடங்கியது. என் கடைக்கு வருகிற ட்ரம்பெட்டுகளில் பெரும்பாலானவை மீரட்டு ட்ரம்பெட்டுகள்தான். தகடு கொஞ்சம் மெல்லிசு, பிஸ்டன் கொஞ்சம் முரடு, ஆனால் வெயிலில் நாள் முழுக்க நடந்து ஊதத் தாங்கும்.

கிங்ஸ்டனில் இந்தப் பித்தளை ஒரு நாட்டின் இசையாக ஆயிற்று. இங்கே அது வாடகைக்கு வருகிற சத்தமாக நின்றுவிட்டது. திறமை குறைவு என்று சொன்னால் நான் சண்டைக்கு வருவேன். ஊதுகிறவருக்கு இங்கே மரியாதை இல்லை, அதுதான் குறை. யூனிஃபார்ம் போட்டு, தொப்பி வைத்து, ஜெனரேட்டர் வண்டிக்கு முன்னால் நடக்கிற ஆளின் முகத்தை யாரும் பார்ப்பதில்லை.

அந்தப் பேசாத பேஸ்காரப் பையனின் அப்பா அப்படி நடக்கிறவர். பேண்டு செட்டில் ட்ரம்பெட், மாஸ்டர் என்று கூப்பிடுவார்கள். எனக்குப் பழைய வாடிக்கை. மகன் குழுவில் இருப்பது எனக்குத் தெரியும், அப்பா யார் என்பதும் தெரியும். குழுவில் மற்ற நான்கு பேருக்கும் தெரியாது. பையன் வகுப்பில் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று இந்த ஊரில் வளர்ந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அவன் சொல்லாததை நான் சொல்வது முறையில்லை என்று வாயை மூடிக்கொண்டேன். கீபோர்டு ட்ரம்பெட்டோடு அவர்கள் மாரடிக்கிறதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தது பெரிய கஷ்டம்.

ஒருநாள் மாஸ்டரே வந்துவிட்டார். மௌத்பீஸ் குழாயில் இறுகிக்கொண்டது. முகூர்த்த நாள், மறுநாள் விடியற்காலை ஊர்வலம். கொறடு போட்டுத் திருகினால் குழாய் முறுக்கிக்கொள்ளும். அதற்கென்று ஒரு இழுவைக் கருவி இருக்கிறது, அதைத்தான் போட வேண்டும். நான் அதை மாட்டிக்கொண்டிருக்கையில் கிதார்ப் பையன்கள் இரண்டு பேரும் வாசலில். ட்ரம்பெட்டைப் பார்த்ததும் கண் விரிந்துவிட்டது. "அண்ணாச்சி, நீங்க ட்ரம்பெட் வாசிப்பியளா? எங்களுக்கு ஒரு ஆள் வேணும்" என்று அவரிடமே கேட்டார்கள். அவர் மௌத்பீஸை வாங்கித் துடைத்துக்கொண்டே, "ஆள் வீட்டுலயே இருக்கேன். எம் மவன் உங்ககூடத்தானே வாசிக்கான்" என்றார். அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. மகன் சொல்லாதது உட்பட.

அதன் பிறகு நடந்ததை நான் நாடகமாக்க விரும்பவில்லை. பையன் ஒரு வாரம் பயிற்சிக்கு வரவில்லை என்று கேள்விப்பட்டேன். பிறகு வந்தான். பிறகு அப்பாவும் வந்தார்.

முதல் நாளே தகராறு. கிதார்க்காரர்களுக்குப் பிடித்த சுருதி ஈ. நம்ம கணக்கில் மூன்று கட்டை. கிதாரின் தடித்த கம்பியே அந்தச் சுரத்தில்தான் இருக்கிறது, தூங்கிக்கொண்டே வாசிக்கலாம். ட்ரம்பெட் பி ஃப்ளாட் வாத்தியம். அதற்கு வீடு ஆறரைக் கட்டை. மூன்று கட்டையில் பாட்டு வைத்தால் ட்ரம்பெட்காரர் தாளில் ஆறு ஷார்ப் விழும். விரல் முறுக்கிக்கொள்ளும், சுருதியும் சேராது. மாஸ்டர் தாள் பார்க்கிறவர் இல்லை, காதால் வாசிக்கிறவர். "உங்க மூணு கட்டையில எனக்கு எல்லாப் பிஸ்டனும் கோணுது தம்பி" என்றார். பையன்களுக்கு முகம் சுருங்கிவிட்டது. அவர்கள் பாட்டு எல்லாம் அந்த ஒரே சுருதியில் இருந்தது.

கிதாரை விட்டுக்கொடுக்கச் சொன்னவன் நான்தான், கொஞ்சம் சுயநலத்தோடு; கம்பி அறுப்பது குறையும் என்று. ஸ்கா வாசிப்பில் ஐந்து கம்பி ஆறு கம்பியையும் ஒரு விரலால் குறுக்கே அழுத்துகிற பார் கார்டுதான் வேண்டும். திறந்த கம்பி ஒலித்தால் அதை அறுக்க முடியாது, 'சக்' வராது. பார் கார்டு வாசிக்கிறவனுக்கு எந்தச் சுருதியும் ஒன்றுதான், கையை நகர்த்தினால் தீர்ந்தது. ட்ரம்பெட்டால் அப்படி நகர முடியாது. ஆக நகரக்கூடியவர் நகர்ந்தார்கள். பாட்டுகள் ஆறரைக்கும் நாலு கட்டைக்கும் மாறின. அந்தப் பெண்ணின் குரலும் அங்கே நன்றாக உட்கார்ந்தது என்பது பிறகு தெரிந்தது; அதுவரை அவள் கத்திக்கொண்டிருந்தது வீரத்தால் இல்லை, சுருதி ஒத்துவராமல்.

இந்தக் குழு வளர்ந்தது எப்போது என்று என்னைக் கேட்டால் அந்த வாரம்தான் என்பேன். மேடை, கைதட்டல், கைபேசியில் எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதெல்லாம் அப்புறம்.

இன்னொன்றும் அவரால்தான் சரியானது. டிரம்ஸ் பையனுக்கு அரை இடம் பிடிபடவே இல்லை. கிதார் 'க'வில் சுண்டினால் இவன் கால் அதைத் துரத்திக்கொண்டு அங்கேயே போய்விடும். மாஸ்டர் பேண்டு செட் மார்ச்சை வாயால் போட்டுக் காட்டினார்: பூம்-பா, பூம்-பா. பூம் என்பது பெரிய டிரம்மும் பெரிய குழலும். பா என்பது டெனர் ஹார்ன்காரர் வேலை. "எங்க செட்டுல ஹார்ன்காரருக்குப் பூம் தெரியவே தெரியாது. ஆயுசுக்கும் பா மட்டும்தான். உங்க கிதார் அந்த ஹார்ன்காரர். நீ எதுக்கு அவர் சோத்துல கை வைக்கே?" டிரம்ஸ் பையன் அன்றைக்குப் பிடித்துக்கொண்டான். புத்தகம் பார்த்துப் படிக்கிறவர்களுக்கு இது பெரிய கண்டுபிடிப்பு மாதிரி தெரியலாம். பட்டாள மார்ச்சில் 'பா' ஊதி வளர்ந்த காதுகளுக்கு ஸ்கா அந்நியம் இல்லை. கிங்ஸ்டனிலும் அப்படித்தான், இங்கேயும் அப்படித்தான்.

வயதானவர் ஒருவர் பொடிசுகளோடு மேடையில் நிற்பது கேலியாகத் தெரியாதா என்று அவர்களுக்கு ஒரு தயக்கம். அதற்கு நான் இங்கிலாந்துக் கதையைச் சொன்னேன். 1979இல் கோவென்ட்ரி என்கிற கார்த் தொழிற்சாலை நகரத்தில் ஜெர்ரி டாமர்ஸ் என்பவர் டூ டோன் என்று ஒரு இசைத்தட்டு நிறுவனம் தொடங்கினார். வேலையில்லாத் திண்டாட்டம், நிறவெறிக் கும்பல்களின் அட்டகாசம், இதற்கு நடுவில் கறுப்பு இளைஞரும் வெள்ளை இளைஞரும் ஒரே குழுவில் நின்று, ஸ்காவையும் பங்கையும் கலந்தார்கள். அவர்களுடைய குழு ஸ்பெஷல்ஸ். அதில் ட்ராம்போன் வாசித்தவர் ரிக்கோ ரோட்ரிகஸ். ஆல்ஃபா பள்ளிக்கூடத்தில் படித்து, 1961இல் இங்கிலாந்துக்குக் கப்பலேறியவர். பொடியன்களோடு சேரும்போது நாற்பதைத் தாண்டியிருந்தார். பர்மிங்ஹாமில் தி பீட் என்ற குழுவில் சாக்ஸபோன் வாசித்த சாக்ஸா என்பவருக்கு ஐம்பதை ஒட்டிய வயது. பொடியன்களின் வேகத்துக்கு அவர்கள் கொடுத்தது நிதானம். ஸ்பெஷல்ஸ் குழுவின் பாட்டுகளில் ட்ராம்போன் நுழைகிற இடத்தைக் கேளுங்கள்; எல்லோரும் ஓடிக்கொண்டிருக்க, அவர் மட்டும் நடந்து வருவார். நம்ம மாஸ்டர் அதைக் கேட்டுவிட்டு, "இவரு கேத வீட்டுல வாசிச்சிருப்பாரு" என்றார். எனக்குத் தெரிந்து ரிக்கோவுக்கு இதைவிட நல்ல விமரிசனம் யாரும் எழுதியதில்லை.

பயிற்சி எங்கே செய்வது என்பது அடுத்த பாடு. பெருமாள்புரத்தில் ஒரு மாடி அறை, அங்கே பக்கத்து வீட்டுக்காரர் பரீட்சை நேரம் என்று துரத்தினார். அவர் சொன்னது நியாயம்தான். கடைசியில் மாஸ்டரின் அறிமுகத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடம் கிடைத்தது. ஆடி மாதம் கல்யாணம் கிடையாது, மார்கழியில் கிடையாது, நம்ம பக்கத்துக் கிறிஸ்தவக் கல்யாணங்களோ லெந்து என்கிற தவக்கால நாட்களில் நடப்பதில்லை. மண்டபமும் சும்மா கிடக்கும், மாஸ்டரும் சும்மா இருப்பார். இந்தக் குழுவின் பாட்டுகள் எல்லாம் முகூர்த்தமில்லாத மாதங்களில் பிறந்தவை.

முகூர்த்த மாதங்களில் என்ன செய்தார்கள் தெரியுமா? கல்யாண வரவேற்புகளில் வாசித்தார்கள். எல்லோருக்கும் தெரிந்த சினிமாப் பாட்டுகளையே ஸ்கா தாளத்தில். பங்க் வாசிக்கிறவன் கல்யாணத்துக்குப் போகலாமா என்று குழுவுக்குள்ளேயே பெரிய விவாதம் நடந்தது, ஒரு கிதார்ப் பையன் ஒரு மாதம் விலகியேகூட இருந்தான். என் கட்சி கல்யாணக் கட்சி. மூன்று மணி நேரம் நிற்காமல், பிரியாணி வாசத்துக்கு நடுவில், கேட்காதவர்களை வைத்துக்கொண்டு வாசிக்கிறவனுக்கு வருகிற கைப்பழக்கம் வேறெங்கும் வராது. ஸ்காட்டலைட்ஸ்காரர்களும் உல்லாச விடுதிகளில் சுற்றுலாப் பயணிகளுக்கு வாசித்துத் தேறியவர்கள்தான்.

அங்கேதான் ஒரு கசப்பும் நடந்தது. ஒரு வரவேற்பில் பையன்களை முதல் பந்திக்குக் கூப்பிட்டார்கள். மாஸ்டரைக் கூப்பிடவில்லை. அன்றைக்கு அவர் யூனிஃபார்மில் இல்லை, பையன்கள் மாதிரியே கட்டம் போட்ட சட்டைதான். ஆனாலும் யாரோ அடையாளம் கண்டு, 'செட்டுக்காரங்களுக்குப் பொறவு' என்று பின்பக்கம் கை காட்டியிருக்கிறார்கள். யார் வீடு என்பது இங்கே வேண்டாம். அந்தப் பேசாத பையன் எழுந்து, இலையை மடித்துவிட்டு, வெளியே வந்துவிட்டான். அவனைப் பார்த்து மற்றவர்களும். இப்போது எந்த நிகழ்ச்சி பேசினாலும் முன்பணத்தோடு ஒன்றைச் சேர்த்தே பேசுகிறார்கள்: ஏழு பேருக்கும் ஒரே பந்தி. அதைப் பேசுவதும் அந்தப் பேஸ்காரப் பையன்தான். இப்போதெல்லாம் நிறையப் பேசுகிறான்.

சொந்தப் பாட்டுகளைப் பற்றி ஒரு வார்த்தை. முதலில் ஆங்கிலத்தில் எழுதினார்கள். லண்டன் பையன் லண்டனைத் திட்டினால் அது பங்க். பாளையங்கோட்டைப் பையன் லண்டனைத் திட்டினால் யாருக்கு வலிக்கும்? பிறகு நம்ம பேச்சிலேயே எழுதத் தொடங்கினார்கள். தாமிரபரணியில் கலக்கிற சாக்கடையைப் பற்றி ஒன்று. கிளம்பவே கிளம்பாத டவுன் பஸ்ஸைப் பற்றி ஒன்று. பொண்ணு பார்க்க வந்தவர்கள் கேட்கிற கேள்விகளை மட்டும் வரிசையாக வைத்து அந்தப் பெண் எழுதியது ஒன்று. அதுதான் இருப்பதிலேயே நல்ல பாட்டு, கேட்கிற அம்மாமார்கள்தான் அதிகம் சிரிக்கிறார்கள். எகத்தாளம் நம்ம ஊர்ப் பேச்சிலேயே ஊறியது, அதற்கு எந்த ஊரிலிருந்தும் இறக்குமதி தேவையில்லை. நடுவில் தவில் சேர்த்துப் பார்த்தார்கள். தவில் மற்ற ஆறு பேரையும் மூடிவிட்டது. நையாண்டி மேளம் தன்னளவில் முழுசான ஒன்று; அதில் ஒரு கையைப் பிய்த்து இங்கே ஒட்டினால் ஒட்டாது என்பது என் எண்ணம். அவர்கள் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

பெண்ணின் வீட்டில் ஒரு தடை வந்தது. பங்க் என்றால் குடி, ரகளை என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஓரளவு உண்மைதான், எல்லா இடத்திலும் இல்லை. அமெரிக்காவில் பெர்க்லி நகரத்தில் கில்மன் தெருவில் ஒரு இடம், 1986 முடிவில் திறந்தது. எல்லா வயதினரும் வரலாம், மது கிடையாது, அடிதடி கிடையாது, இனவெறி கிடையாது, நடத்துகிறவர்கள் தொண்டர்கள். ஸ்கா-பங்க் என்ற சொல்லுக்கே முகவரி மாதிரியான ஆபரேஷன் ஐவி என்ற குழு 1987இல் தொடங்கி வாசித்தது அங்கேதான். இதை நான் அவள் அப்பாவிடம் சொன்னேன். "அதெல்லாம் இருக்கட்டும், ஒம்பது மணிக்கு வீட்டுல விட்டுருவியளா?" என்றார். மாஸ்டர், "நானே கொண்டாந்து விடுதேன்" என்றார். அத்தோடு முடிந்தது.

அந்த ஆபரேஷன் ஐவி இரண்டே வருடத்தில், ஒரே ஒரு முழு ஆல்பத்தோடு, 1989இல் கலைந்துவிட்டது. பள்ளிக்கூடச் சேக்காளிகளின் குழுக்களுக்கு அதுதான் வாடிக்கையான ஆயுள். பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் நம்ம குழுவும் கலையத்தான் வேண்டியிருந்தது. ஒருவன் கோயம்புத்தூர் போனான், ஒருவன் சென்னை, அந்தப் பெண் மதுரையில் படித்தாள். கலையாததற்குக் காரணம் நட்பு என்று அவர்கள் சொல்கிறார்கள். மண்டபத்துச் சாவி என்று நான் சொல்கிறேன். ஆடியிலும் கிறிஸ்துமஸ் விடுமுறையிலும் நெல்லை எக்ஸ்பிரஸில் வந்து இறங்கினால் கூடம் திறந்திருக்கும், மாஸ்டர் உட்கார்ந்திருப்பார், அவருக்குப் பக்கத்தில் அவர் கூட்டிவந்த ஒரு பையன் சாக்ஸபோனோடு இருப்பான். அவன் பேண்டு செட்டிலேயே கிளாரினெட் ஊதிக்கொண்டிருந்தவன், ஏழாவது ஆள். இந்தியாவிலும் ஸ்கா வாசிக்கிறவர்கள் இருக்கிறார்கள், டெல்லியில் 2009இல் தொடங்கிய ஸ்கா வெஞ்சர்ஸ் என்ற குழுவைக் கேட்டிருக்கிறேன், நன்றாகவே வாசிக்கிறார்கள். ஆனால் பேண்டு செட்டிலிருந்து இரண்டு பேர் நிற்கிற ஸ்கா-பங்க் குழு எங்களுடையது என்று எங்கள் தெருவில் கொஞ்சம் கர்வமாகவே சொல்லிக்கொள்கிறோம்.

இப்போது அவர்களுக்கு ட்ராம்போன் வேண்டும். ட்ராம்போனுக்குப் பிஸ்டன் கிடையாது, இழுகுழாய்தான். சுரத்திலிருந்து சுரத்துக்கு வழுக்கிக்கொண்டு போகலாம், அதனால் நம்ம கமகத்துக்கும் ஓரளவு இடம் கொடுக்கும். மாஸ்டர் கற்றுக்கொடுக்கத் தயார், ஊத ஒரு பிள்ளையும் தயார். கருவிதான் இல்லை. நேயர்களில் யாராவது பழைய கோவில் அறையிலோ, பள்ளிக்கூட அலமாரியிலோ, தாத்தா விட்டுப்போன டிரங்குப் பெட்டியிலோ ஊதுவாத்தியம் எதுவும் கிடப்பதைப் பார்த்திருந்தால், தயவுசெய்து வெளியே எடுங்கள். நசுங்கியிருந்தாலும் பரவாயில்லை, நசுங்கலை எடுத்துவிடலாம். பிஸ்டன் இறுகியிருந்தால் சுத்தியலால் தட்டாதீர்கள். தேங்காய் எண்ணெய் விடாதீர்கள், நாளாவட்டத்தில் பிசின் மாதிரி பிடித்துக்கொள்ளும். முக்கியமாக, பித்தளைதானே என்று குத்துவிளக்குக்குப் போடுகிற மாதிரி புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். மேலே போட்டிருக்கிற லாக்கர் பூச்சு திட்டுத்திட்டாக உரிந்துவிடும், அதை என்னாலும் சரிசெய்ய முடியாது. அப்படியே அழுக்கோடு கொண்டு வாருங்கள்.

வணக்கம்.